பதினேழரை அங்குலத் தோளைப் பதினைந்தே முக்கால் ஆக்கியது

கலியாண வீட்டுக்கு முதல் நாள் இரவு பத்தரைக்குத்தான் சேட்டின் இரண்டாவது கையும் சுருக்கமில்லாமல் பூட்டி முடிந்தது. நூலைக்கூட வெட்டாமல் போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். தோள் தையல் என் தோள் எலும்பு முடிகிற இடத்தில் இருந்தது. அதுவரை நான் போட்ட எந்தச் சேட்டிலும் அது அங்கே இருந்ததில்லை. மேல்கையில் இரண்டு விரல் கீழே சரிந்து கிடக்கும். தமையனின் உடுப்பைக் களவாய் எடுத்துப் போட்ட பொடியன் மாதிரித்தான் நான் இருப்பேன். எப்படிச் செய்தேன் என்பது மறந்துபோகுமுன் எழுதிவைக்கிறேன். பிழைவிட்ட இடங்களையும் சேர்த்துத்தான்.

நான் திருநம்பி, பெண் என்று பதியப்பட்டுப் பிறந்து ஆணாக வாழ்கிறவன். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கிறேன். உயரம் 5 அடி 1 அங்குலம். தோளுக்குத் தோள் 15¼, நெஞ்சு 33, இடுப்பு 28½, பின்பக்கத்தைச் சுற்றி 37, கழுத்து 13½, தோளிலிருந்து மணிக்கட்டு வரை 21½. கடையில் ஆண்களுக்கென்று தொங்குகிற ஆகச் சின்ன சேட்டை எடுத்து அளந்தாலும் தோள் 17 அல்லது 17½ வரும். மேலே இரண்டு அங்குலம் கூடுதல். சரி, இன்னும் சின்னது தேடுவோமென்றால் அது பின்பக்கத்தில் வந்து பிடிக்கும், கடைசித் தெறி பூட்டாது. மெலிந்த ஆம்பிளைகளுக்குச் சேட் பெரிதென்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரிப் பெரிதாக இருக்கும். எனக்கு மேலே கொளகொள, கீழே இறுக்கம். இரண்டும் ஒரே சேட்டில்.

அந்த 33 பைன்டர் (நெஞ்சைத் தட்டையாக்க உள்ளே போடுகிற இறுக்கமான உடுப்பு) போட்டு எடுத்த அளவு. முதல்முறை போடாமல் அளந்து, 35 என்று எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போய் ஏமாந்தேன். சேட்டை எதற்கு மேலே போடப் போகிறோமோ அதற்கு மேலேயே அளக்கவேண்டும். பைன்டர் இங்கே எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் வருகிறபோது கொண்டுவந்து தந்தாள். அதற்கு முன்னர் பார்மசியில் சுளுக்குக்கு விற்கிற இழுபடும் பண்டேஜைச் சுற்றிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. அது மூச்சு இழுக்க இழுக்க இறுகும், விலா நோகும். இதை வாசிக்கிற தம்பிமார் யாரும் அதைச் செய்யவேண்டாம். பைன்டரையும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போடக்கூடாது, போட்டுக்கொண்டு படுக்கக்கூடாது. சித்திரை வெயிலில் எட்டு மணித்தியாலமே அதிகம். ஐந்தாவது மணித்தியாலத்திலேயே நான் வீட்டுக்குப் போக வழி பார்ப்பேன்.

"தையல்காரரிடம் அளவு குடுத்துப் புதிசாத் தைக்கலாமே" என்று எல்லோரும் கேட்பார்கள். தைக்கலாம். ஆனால் அவர் இஞ்சி ரேப்பைக் கக்கத்துக்குக் கீழால் விட்டு நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, உள்ளே நிற்கும் பெடியனுக்கு இலக்கத்தைச் சத்தமாகச் சொல்லுவார். பக்கத்து வாங்கில் இரண்டு பேர் இருப்பார்கள். நான் சேட்டை வீட்டில் வெட்டத் தொடங்கியதற்கு முழுக் காரணமும் அந்த அரை நிமிடம்தான். காசு மிச்சம் என்பதெல்லாம் பிறகு நானாகச் சொல்லிக்கொண்டது.

இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு தையல் கடையில், அளவு கொடுக்காமல், வாங்கிய சேட்டைக் கொடுத்து "கொஞ்சம் உடம்போட பிடிச்சுத் தாங்கோ" என்றேன். அந்த வசனம் என் பிழை. அவர் தொழில் தெரிந்தவர், கேட்டதைச் செய்தார்: இடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் உள்ளே எடுத்து, முதுகில் இரண்டு டாட், அதாவது துணியை உடம்போடு ஒட்டவைக்கிற மடிப்புத் தையல், பிடித்துத் தந்தார். தோள் இருந்த இடத்திலேயே தொங்கியது. நடுவில் ஒடுங்கிக் கீழே விரிந்து, குடத்துக்குச் சட்டை போட்ட மாதிரி. எதை மறைக்க அந்தச் சேட்டை வாங்கினேனோ அதை வரைந்து காட்டியது. கூலி 500 ரூபா. வீட்டுக்கு வந்து டாட்டைப் பிரித்தேன், ஊசி போன ஓட்டைகள் முதுகில் இரண்டு வரிசையாக அப்படியே நின்றன.

இப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எங்களுடைய உடம்புக்கு இடுப்பைத் தொடக்கூடாது. தோளை உள்ளே எடுக்கவேண்டும், கக்கத்திலிருந்து கீழ்மடிப்பு வரை ரூல் தடி வைத்துக் கோடு இழுக்கவேண்டும், கீழ் அகலத்தை விட்டுவிடவேண்டும். இதைச் சொல்லி இரண்டு கடையில் கேட்டும் பார்த்தேன். "தோள் வேலை பெரிய வேலை தம்பி, அதுக்குப் புதுசாத் தைக்கிறது லேசு" என்று இருவரும் ஒரே பதில் சொன்னார்கள். பெரிய வேலைதான், பொய்யில்லை.

இடையில் பொடியன்மாரின் உடுப்பையும் முயன்றேன். பதினான்கு வயசுக்கென்று விற்கிற வெள்ளைப் பள்ளிக்கூடச் சேட்: தோள் 15½, கொலர் 13½, கை பூட்டுகிற கைக்குழியும் சின்னது. மேல்பாதி எனக்கென்றே தைத்தது போல இருந்தது. நீளம் 25 மட்டும். பின்பக்கத்தின் ஆக அகலமான இடத்தில் வந்து முடிகிறது, அந்த அகலத்துக்குக் கோடு போட்டுக் காட்டுகிறது. இரு பக்கத் தையலையும் கீழிருந்து மூன்று அங்குலம் பிரித்து வெட்டு விட்டேன். பிடிக்கிறது நின்றது, கட்டைச் சேட் கட்டைச் சேட்டாகவே இருந்தது. லோங்ஸுக்குள் விட்டுப் போடுகிற நாளுக்கு மட்டும் அது உதவும். அதோடு மெல்லிய வெள்ளைத் துணிக்கு உள்ளே வெள்ளைப் பெனியன் போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். தோல் நிறத்துக்குக் கிட்டின பெனியன் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

தங்கச்சியின் சேட்டைக்கூட ஒருக்கால் எடுத்து டாட்டைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். அளவு நல்லது. ஆனால் தெறி இடப்பக்கத்தில். ஆம்பிளைச் சேட்டுக்குத் தெறி போடுகிறவரின் வலப்பக்கம், ஓட்டை இடப்பக்கம். ஊரில் யாருக்கும் இதைக் கேட்டால் சொல்லத் தெரியாது, கண் மட்டும் கண்டுபிடித்துவிடும். அதை மாற்றுவது முன்பக்கம் முழுவதையும் புதிதாகப் போடுவதற்குச் சமம். தங்கச்சியிடம் திருப்பிக் கொடுத்துத் திட்டும் வாங்கினேன்.

ஆக, தோள் வேலை.

மெசின் அம்மம்மாவுடையது. காலால் மிதிக்கிற பழைய சிங்கர். 1995 போர் இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுப்போய், திரும்பி வந்தபோது பலகை இல்லாமல் இரும்பு மட்டும் கிடந்ததாம். மேல் பலகை பிறகு பனைமரத்தில் போட்டது. நேர்த் தையல் ஒன்றுதான் போடும். தோல் பட்டி தொய்ந்து, தடிப்பான இடத்தில் சில்லு சுழலும், ஊசி இறங்காது. பட்டியில் அரை அங்குலம் வெட்டிக் கம்பியை மறுபடி கொழுவியதும் சரிவந்தது. ஊசி 11ஆம் நம்பர். சேட் துணிக்கு அதற்கு மேல் வேண்டாம். தையல் ஓர் அங்குலத்துக்குப் பதினொன்று பன்னிரண்டு விழுகிற மாதிரித் திருகினேன்.

ஒத்திகைக்கு அப்பா போட்டுக் களைத்த சேட் ஒன்றை எடுத்தேன். அம்மா கொடியில் உடுப்புக் காயப்போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றா. "பிள்ளை, அதை வெட்டப் போறியோ?" என்றா. முன்னர் மகள் என்றுதான் கூப்பிடுவா. ஒரு வருடமாகப் பிள்ளை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற சொல்லை அவவாகத் தேடி எடுத்திருக்கிறா என்று நினைக்கிறேன், நான் கேட்டதில்லை.

இரண்டு கையையும் பிரித்தேன். கைக்குழியைத் தோளில் ஓர் அங்குலம் உள்ளே தள்ளிச் சோக்கால் கீறி வெட்டினேன். வலக் கையின் மேல் வளைவையும் அதே அளவுக்கு வெட்டி, கையைக் குழாயாகத் தைத்து, குழிக்குள் விட்டுக் குண்டூசி குத்திப் பார்த்தால், கை குழியை விட ஓர் அங்குலத்துக்கு மேல் குறைகிறது! இழுத்துத் தைத்தேன். தோளைச் சுற்றி உடம்புத் துணி முழுவதும் சுருங்கி நின்றது. இரண்டையும் அளந்துதானே வெட்டினேன் என்று ஓர் இரவு முழுக்க மண்டை காய்ந்தது. பிழை அளந்த இடத்தில். நான் வெட்டு ஓரத்தில் ரேப் வைத்து அளந்திருக்கிறேன். குழி உட்பக்கம் வளைவது; அதன் வெட்டு ஓரம் தையல் கோட்டை விடக் கட்டை. கையின் வளைவு வெளிப்பக்கம் வளைவது; அதன் வெட்டு ஓரம் தையல் கோட்டை விட நீளம். ஓரத்தில் சமமாக இருந்தால் கோட்டில் சமமாக இராது. தையல் விழப்போகிற கோட்டின்மேல், ரேப்பைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிமிர்த்தி, வளைவோடு வளைத்து அளக்கவேண்டும்.

இடக் கைக்கு அந்தக் குறையை நிரப்பப் போய், வளைவை உயரமாக விட்டேன். இப்போது கை ஒன்றரை அங்குலம் கூட. அதைச் சுருக்குப் பிடித்துப் பிடித்துக் குழிக்குள் அடக்கி, அயன் போட்டு, மாட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளின் பிறந்தநாள் சட்டைக்கு வைப்பார்களே, பஃப் கை, அது. ஒரே சேட்டில் வலப்பக்கம் இழுவை, இடப்பக்கம் பஃப். தங்கச்சி படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

அந்தச் சேட்டைப் பையில் சுற்றிக்கொண்டு கோண்டாவிலில் இருக்கிற ஓர் அக்காவிடம் போனேன். கிளிநொச்சியில் கார்மென்ட்ஸில் நாலு வருடம் வேலை செய்தவ. நாலு வருடமும் கை பூட்டுகிற லைன். கொலர் தைக்கத் தெரியாது, தெறி வைக்கத் தெரியாது என்று அவவே சொல்லுவா. கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவா. ஒரு நாளைக்கு எத்தனை கை அக்கா என்று கேட்டேன். "நாங்கள் எங்க எண்ணினது? மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போர்ட்டில எழுதிப்போட்டுப் போவினம்" என்றா.

சேட்டை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. அதற்கே நன்றி.

"கையை முதலே குழாயாத் தைச்சுப்போட்டு ஏன் தம்பி குழிக்குள்ள தள்ளுறாய்? அது பிளவுஸ் தைக்கிற மாதிரி. சேட்டுக்கு அப்பிடி இல்லை. பக்கத் தையலையும் பிரி. உடம்பையும் கையையும் மேசையில தட்டையா விரி. வளைவைப் பூட்டு. பிறகு கைமுனையில தொடங்கி, கக்கத்தால வந்து, கீழ் மடிப்பு வரைக்கும் ஒரே ஓட்டம்."

இதை ஒரு வருடத்துக்கு முதல் யாராவது சொல்லியிருந்தால் இரண்டு சேட் பிழைத்திருக்கும். இன்னும் மூன்று விஷயம் சொன்னா. ஆம்பிளைச் சேட்டின் கை வளைவு தட்டையானது, உயரம் வைத்தால் பஃப்தான் வரும். குழியை விடக் கை கால் அங்குலம் மட்டும் கூட இருக்கலாம், அந்தக் கூடுதலான துணி மெசினில் அடிப்பக்கம் இருக்கவேண்டும். கீழே இருக்கிற பல் அதை மெல்ல மெல்ல இழுத்து அடக்கிவிடும். மூன்றாவது, கைக்கு முன் பின் உண்டு. முன்பக்கம் ஆழமாக வளையும். முன்னுக்கு ஒரு சின்ன வெட்டு, பின்னுக்கு இரண்டு, தோள் நடுவுக்கு ஒன்று என்று கத்தரிக்கோல் நுனியால் அடையாளம் போடாமல் கையைக் கழற்றவே கூடாது. நான் கழற்றியிருந்தேன்.

இனி உண்மைச் சேட். கஸ்தூரியார் வீதியில் வாங்கினேன். கடைக்குள் போட்டுப் பார்க்கிற அறைப் பக்கம் நான் போவதில்லை. ரேப்பைப் பொக்கெற்றில் கொண்டுபோய், சேட்டை மேசையில் விரித்து, தோள் தையலிலிருந்து தோள் தையல், கீழ் மடிப்பு, கொலர் மூன்றையும் அளப்பேன். ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. கடைக்காரர் "தம்பி, உமக்கு இது பெருசெல்லோ?" என்றார். தெரியும் அண்ணை, வெட்டத்தான் என்றேன். பஸ் நிலையப் பக்கத்து நடைபாதைக் கடைகளில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சேட்டுகள் குவியலாக வரும். அதற்குள் எப்போதாவது எக்ஸ்எஸ், ஆகச் சின்ன அளவு, கிடைக்கும். அன்று கிடைக்கவில்லை.

எடுத்தது கடும் சாம்பல் நிறம், கொஞ்சம் சொரசொரப்பான கொட்டன், கோடு கட்டம் எதுவுமில்லை. மினுங்குகிற துணியும் வெளிர் நிறமும் நெஞ்சின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டும். முதுகில் டாட் இல்லாத, நேராக விழுகிற வெட்டு. தோள் 17½, நெஞ்சு சுற்று 40, கீழ்ச்சுற்று 40, கை 23½, நீளம் 29½, கொலர் 15. விலை 2,950 ரூபா.

வெட்டுமுன் இரண்டு தரம் தோய்த்தேன். கொட்டன் சுருங்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது, காய்ந்தால் துணி அப்பளம் மாதிரி நிற்கும். ஆகவே கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் வாளி. மினுக்கிய பிறகு அளந்தால் நீளத்தில் அரை அங்குலம் போயிருந்தது. தோய்க்காமல் வெட்டியிருந்தால் அந்த அரை அங்குலம் கலியாணத்துக்குப் பிறகு போயிருக்கும்.

அடையாள வெட்டுகளைப் போட்டுவிட்டுப் பிரிக்கத் தொடங்கினேன். கடைச் சேட்டில் கைக்கு இரட்டைத் தையல், பக்கத்துக்கும் இரட்டை. பழைய பழக்கத்தில் பிளேட்டால் பிரித்து, யோக்கின் (தோளையும் மேல்முதுகையும் மூடுகிற துண்டு) ஓரத்தில் கால் அங்குலம் கீறிவிட்டேன். நல்ல காலம், வெட்டிப்போகிற பகுதி. மிச்சத்தை 180 ரூபாவுக்கு வாங்கிய, தையல் பிரிக்கிற குட்டிக் கவர்முனையால் பிரித்தேன். ஒன்றே கால் மணித்தியாலம். முழு வேலையிலும் அலுப்பான பகுதி இது.

தோள் எவ்வளவுக்கு வரவேண்டும் என்று நிறைய யோசித்தேன். என் தோள் 15¼. அதே அளவுக்கு எடுத்தால் ஒடுக்கமாகத் தெரியும். அரை அங்குலம் கூட விட்டால் தோள் கொஞ்சம் அகன்று, கீழே இருக்கிற அகலத்துக்கு ஈடுகொடுக்கும். ஆகவே 15¾. ஒரு பக்கத்துக்கு எட்டில் ஏழு அங்குலம் உள்ளே. பழைய கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் குழியின் வளைவை வரைந்து கொண்டேன்: தோளில் எட்டில் ஏழு, நெஞ்சின் நடுமட்டம் வரை அப்படியே, பிறகு மெல்லக் குறைந்து கக்கத்தில் பழைய கோட்டோடு சேர்கிறது. முன்னுக்கு ஒரு தாள், பின்னுக்கு ஒரு தாள். அதே தாளைப் புரட்டி வைத்தால் மறுபக்கம். இரண்டு பக்கமும் பிசகாது. வெட்டும் கோடு தையல் கோட்டுக்கு வெளியே எட்டில் மூன்று அங்குலம். சோக்கால் இரண்டு கோட்டையும் கீறி, தையல் கோட்டுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கோடு போட்டு வைத்தேன், கத்தரிக்கோல் கையில் வந்ததும் எது எதென்று மறந்துவிடும். வெட்டி விழுந்த துண்டு நாலும் பிறை மாதிரி; ஆக அகலமான இடத்தில் ஓர் அங்குலம் வராது. இவ்வளவு துணிக்காகவா இவ்வளவு வருடம் என்று அந்தப் பிறையை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

கை நீளம் இரண்டு அங்குலம் குறைக்கவேண்டும். எல்லோரும் கீழே, கைமுனையில்தான் வெட்டுவார்கள். அப்படிச் செய்தால் கைமுனைப் பட்டியைக் கழற்றி, பிளவைக் கட்டையாக்கி, மறுபடி பூட்டவேண்டும். எப்படியும் கை கழன்றுதானே கிடக்கிறது, மேலே வெட்டினேன். பழைய வளைவைத் தாளில் பிரதி எடுத்து, இரண்டு அங்குலம் கீழே இறக்கி வரைந்தால் போதும். கை கீழே போகப் போக ஒடுங்குவதால் மேற்பகுதியின் அகலமும் தானாகக் குறைகிறது, என் மெல்லிய கைக்கு அதுவும் நல்லது. தையல் கோட்டில் நிமிர்த்தி அளந்தேன். குழி 18¼. கை 18½. அக்கா சொன்ன கால் அங்குலம்! இரண்டு மூன்று தரம் அளந்தேன், நம்பமுடியாமல்.

பக்கத்துக்கு, கக்கத்தில் முன்னால் அரை, பின்னால் அரை உள்ளே. அங்கிருந்து கீழ் மடிப்பில் பழைய இடத்துக்கே ரூல் தடியால் ஒரே நேர்கோடு. நெஞ்சு 38 ஆகிறது, கீழ் 40 ஆகவே நிற்கிறது. இடுப்பு இருக்கும் இடத்தில் கோடு வளையவே இல்லை. கையின் அடித் தையலும் கக்கத்தில் அதே அரையோடு தொடங்கி முழங்கையில் பழைய கோட்டில் போய்ச் சேர்ந்தது.

பூட்டியது இரண்டு இரவு. முதல் இரவு பெரிய நூலோட்டம் மட்டும் போட்டு மாட்டிப் பார்த்தேன். மறு இரவு மெசின், கை அடியில், உடம்பு மேலே. துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லொக் மெசின் இல்லாததால் ஒரு பக்க ஓரத்தைக் கட்டையாக வெட்டி, மற்ற ஓரத்தை அதன்மேல் மடித்து, அயன் போட்டு, மேலால் இன்னொரு தையல். நல்ல சேட்டில் இருப்பதும் இந்த மடிப்புத் தையல்தான். வளைவில் அது உருளப் பார்க்கும். ஓரிடத்தில் மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். கக்கத்துக்குப் பின்னால் என்பதால் யாருக்கும் தெரியாது.

பிறகு சில்லறை வேலைகள். சேட்டின் கீழ் ஓரத்து வளைந்த வாலை வெட்டி நேராக்கினேன்; வளைந்த வால் பக்கத்தில் மேலே ஏறிப் பின்பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். நீளம் 27, லோங்ஸின் சிப்புக்கு நடு மட்டம். பக்கத் தையலைக் கீழிருந்து இரண்டரை அங்குலத்துக்கு மேலேயே நிறுத்தி வெட்டு விட்டேன். கைமுனைத் தெறியை ஓர் அங்குலம் உள்ளே தள்ளினேன். இரண்டாம் மூன்றாம் தெறிக்கு நடுவே வாய் திறக்கும் இடத்தில், உள்ளே அழுத்திப் பூட்டுகிற சின்னத் தெறி ஒன்று. கொலரில் கை வைக்கவில்லை. ஒன்றரை அங்குலம் பெரிது, தெறியை அரை அங்குலத்துக்கு மேல் தள்ளினால் கொலர் கோணலாக நிற்கும். மேல் தெறியைத் திறந்து விட்டுவிட்டேன், ரை கட்டுகிற ஆளில்லை நான்.

பொக்கெற்தான் நான் நினைத்தே பார்க்காத இடத்தில் கழுத்தறுத்தது. குழி உள்ளே வந்ததும் இடப்பக்கப் பொக்கெற் கைத் தையலுக்குக் கிட்டப் போய் ஒட்டிக்கொண்டது. பிரித்துத் தள்ளினால் பழைய ஊசி ஓட்டைகள் தெரியும். அப்படியே விட்டேன். அடுத்த தரம் பொக்கெற் இல்லாத சேட், அல்லது மேலே போட இரண்டு பெரிய பொக்கெற்றுக்குத் துணி மிஞ்சுகிற நீளமான சேட்.

லோங்ஸைப் பற்றிச் சுருக்கமாக. பின்பக்க அளவுக்கு வாங்கவேண்டும், இடுப்புக்கு அல்ல. 32 வாங்கினேன். ஆம்பிளை லோங்ஸில் பின் நடுத் தையலுக்கு உள்ளே, இடுப்புப் பட்டி உட்பட, கூட்டவும் குறைக்கவும் என்றே துணி விட்டுத் தைத்திருப்பார்கள். அதில் இரண்டு அங்குலம் உள்ளே எடுத்தேன். அதற்கு மேல் எடுத்தால் பின் பொக்கெற் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கும். மிச்சத்துக்குப் பெல்ட். முன்னால் மடிப்பு வைத்த, நேர்க்கால் லோங்ஸ் நல்லது. ஒட்டிப் பிடிக்கிற காலில் தொடை மட்டும்தான் தெரியும்.

செலவு: சேட் 2,950, நூல் இரண்டு 240, ஊசிப் பெட்டி 250, கவர்முனை 180, தெறிகள் 100. அக்காவுக்கு ஒரு கிலோ கறுத்தக் கொழும்பான் மாம்பழம், கணக்கில் இல்லை. நேரம் மூன்று இரவில் ஏழு மணித்தியாலம்.

தாலிகட்டுக் கோயிலில் நடந்தது. உள்ளே போவதென்றால் ஆம்பிளைகள் சேட்டைக் கழற்றவேண்டும். நான் வாசலோடு நின்றுகொண்டேன். நல்லூரிலும் அப்படித்தான், 25 நாள் திருவிழாவிலும் வெளிவீதிதான் எனக்கு. ஊசி நூலால் செய்கிற வேலை இல்லை அது. பிறகு மண்டபத்தில் பந்தி. சாம்பார் வாளியோடு இரண்டு பந்தி பரிமாறினேன். குனிந்தும் நிமிர்ந்தும் கை நீட்டியும் பார்த்தால் சேட்டின் குணம் தெரிந்துவிடும். தோள் நகரவில்லை. நடுத்தெறி வாய் திறக்கவில்லை. ஆனால் கையை மேலே தூக்கினால் சேட்டும் ஒன்றரை அங்குலம் கூடவே எழும்புகிறது, கைக்குழியின் ஆழம் இன்னும் பெரிய ஆளுடையதுதான். துணி வெட்டலாம், கக்கத்தில் துணி கூட்ட முடியாது. அடுத்ததுக்குத் தோளின் மேல், யோக் தையலில் அரை அங்குலம் பிடித்துக் குழியையே மேலே தூக்கிப் பார்க்கப் போகிறேன். கொலர் அதற்கு ஒத்துவருமா என்பதை அப்பாவின் இன்னொரு சேட் சொல்லும்.

இப்போது மெசினுக்குப் பக்கத்தில் நீலச் சேட் ஒன்று கிடக்கிறது. வவுனியாவிலிருந்து எங்களைப் போல ஒரு தம்பி பஸ்ஸில் போட்டு அனுப்பியது. தோள் 17 என்று துண்டில் எழுதியிருக்கிறான். அவன் என்னை விட ஒல்லி, 17 வரவே வராது. தடித்த ரீசேட்டுக்கு மேலால் அளந்திருக்கிறான் போல. பைன்டருக்கு மேலே வெறும் பெனியனோடு, தோள் எலும்பிலிருந்து எலும்புக்கு இன்னொருக்கால் அளந்து அனுப்பு என்று எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை கத்தரிக்கோல் எடுப்பதாக இல்லை.